தொடக்கப் பள்ளியில் பூகோளம்: நம் மக்கள் நோக்கில் ஒரு வரலாறு

சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கல்வி குறித்து ஒரு கட்டுரை வரைந்து தருமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்தனர். கல்வி என்ற அளவில் நம் இளைஞர் நினைவுக்கு வருவன ஆங்கிலம், கணக்கு, அரசுத் தேர்வு ஆகிய மூன்றே. அவற்றைப் பற்றி எழுத வல்லார் நம் சங்கத்திலேயே பலர் உளர். ஆகவே, பலரும் பொருட்படுத்தாத ஒரு பாடத்தைப் பற்றி, அதுவும் சிறு பிள்ளைகளுக்கு அதனைக் கற்பித்தல் பற்றி எழுதத் துணிந்தோம். அந்நாளில் பூகோளம் என்றும் இந்நாளில் புவியியல் என்றும் வழங்கும் பாடமே அது.

பூகோளத்தில் என்ன இருக்கிறது, ஆறும் மலையும் தலைநகரமும்தானே என்று சிலர் நகைப்பர். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வரைபடத்துக்குரிய மதிப்பெண்ணை எளிதில் ஈட்டலாம் என்பதற்கு மேல் அதன் பயனை எண்ணிப் பார்ப்பார் சிலரே. ஆனால், நிலம் யாருடையது, நீர் எவ்வழி வருகிறது, தெருவில் யார் நடக்கலாம் என்னும் மூன்று வினாக்கள் நம் முன்னோரின் வாழ்வை ஆட்டிவைத்தவை அல்லவா? அம்மூன்றும் பூகோள வினாக்களே. அவற்றை ஏழு, எட்டு வயதிலேயே கேட்கப் பழகிய பிள்ளையும், கேட்கப் பழகாத பிள்ளையும் பிற்காலத்தில் வருவாய்த்துறை அலுவலகத்தின் முன் ஒரே விதமாக நிற்பதில்லை. முப்பது ஆண்டுக்கு அணித்தான ஆசிரியப் பணியில் நாம் கண்ட உண்மை இது.

ஏட்டுப் பூகோளம்

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பூகோளம் ஒரு பாடமாக இருந்ததில்லை. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கி எடுத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அங்கே எழுத்து, எண்சுவடி, நீதிநூல் ஆகியவை மனப்பாடமாக ஓதப்பட்டன. அத்திண்ணைகளில் நம் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உலகைப் பற்றிப் பேசியது புராணம். அதில் ஏழு தீவுகளும் ஏழு கடல்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று பாற்கடல். பாற்கடலைப் பற்றிக் கேட்டவர்க்கு ஊர்க்கோடியில் இருந்த வங்கக் கடலின் ஆழம் தெரியாது.

இந்நிலையில் திருநெல்வேலியில் பணிபுரிந்த ஜெர்மானிய மிஷனரியான இரேனியஸ் 'பூமி சாஸ்திரம்' என்னும் நூலைத் தமிழில் எழுதி 1832-இல் வெளிவரச் செய்தார். உருண்டையான உலகம் தமிழ் உரைநடையில் புகுந்தது. மிஷன் பள்ளிகளில் நம் மக்களின் பிள்ளைகளும் மெல்ல மெல்ல இடம் பெற்றமையால், அவர்களில் சிலரும் அப்பாடத்தைக் கற்றிருப்பர்.

பாடம் வந்ததே யன்றி, கற்பிக்கும் முறை மாறவில்லை. இன்ஸ்பெக்டர் வருகைக்காக முனைகளையும் வளைகுடாக்களையும் தீபகற்பங்களையும் பிள்ளைகள் இராகம் போட்டு ஒப்பித்தனர். நன்னம்பிக்கை முனை எங்கே என்று கேட்டால் ஒரே குரலில் விடை வரும். ஊர் வாய்க்கால் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று கேட்டால் பிள்ளைகள் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பர். இக்குறை இன்றும் முற்றும் ஒழியவில்லை. பெயர்களை மனத்தில் இருத்துவது குற்றமன்று. அதனோடு நின்றுவிடுவதே குற்றம். பெயர் மட்டும் கற்ற பிள்ளை வரைபடத்தைப் படமாகப் பார்ப்பான். அளவையும் கற்ற பிள்ளை அதனை ஆவணமாகப் படிப்பான்.

சங்கிலி பிடித்தவர்களும் படம் வரைந்தவர்களும்

வரைபடம் ஆவணமாக மாறிய வரலாறு நம் சென்னையைச் சுற்றியே நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்த செங்கல்பட்டுச் சீமையைத் தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் எழுந்தது. 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பவர் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று எட்டு மாணவரோடு தொடங்கிற்று. அதுவே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாக இன்று நிற்கிறது.

இவற்றினும் பெரிதான ஒரு செயல் 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலையருகே தொடங்கியது. வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி இந்தியாவையே முக்கோணங்களாக அளக்கக் கருதி, முதற்கண் ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளந்த கருவி நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடியுள்ள நாற்பது கண்ணிகளைக் கொண்ட அச்சங்கிலி வெயிலில் நீளும்; நிழலில் சுருங்கும். ஆகவே அதனை மரப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துச் சூடு பார்த்து, மயிரிழை பிசகாமல் அளந்தனர். நூறடிச் சங்கிலியால் ஏழரை மைலை அளக்க அதனை ஏறத்தாழ நானூறு முறை எடுத்து வைக்க வேண்டும். இக்கோட்டின் மேல் முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக அடுக்கிச் சென்ற அளவை, அரை நூற்றாண்டில் இமயம் வரை எட்டிற்று. எவரெஸ்டு சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட வழி செய்ததும் அதுவே.

லாம்ப்டனின் சிலை பரங்கிமலை மேல் இருக்கிறது. சித்திரை வெயிலில் சங்கிலியையும் பெட்டியையும் சுமந்து சென்றோர்க்குச் சிலை இல்லை. வரலாற்று நூல்களில் பெயரும் இல்லை. அதிகாரி கோணம் பார்த்தார், எழுத்தர் கணக்கெழுதினார், சங்கிலியைக் கூலியாள் பிடித்தார். தாம் பிடித்த சங்கிலியால் வரையப்பட்ட படத்தைப் படிக்க அக்கூலியாளுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. நம் சமுதாயத்துக்கும் பூகோளத்துக்கும் உள்ள பழைய உறவு இத்தகையதே என்று கூறின் மிகையாகாது.

இதன் விளைவு பின்னர் நிலத்தில் தெரிந்தது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலைமையை நேரில் ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனைகூடத் தமதென்று சொல்ல இயலாத நிலையை அவர் எடுத்துக் காட்டினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்டோர்க்கு அரசு புறம்போக்கு நிலங்கள் வழங்கப்படலாயின. இவையே பஞ்சமி நிலங்கள். முதல் பத்தாண்டு விற்கலாகாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் அல்லாதவர்க்கு விற்கலாகாது என்பது விதி.

விதி ஏட்டில் இருந்தது. நிலம் பல இடங்களில் கை மாறிற்று. காரணங்கள் பல. அடக்குமுறை உண்டு, கடன் உண்டு, வஞ்சகம் உண்டு. அவற்றோடு, எந்தச் சர்வே எண் எந்த மேட்டில் இருக்கிறது, அதன் நான்கெல்லை யாது என்பதைத் தாளில் பார்த்துச் சொல்ல நம்மில் ஆள் இல்லாமற் போனதும் ஒரு காரணம். கைநாட்டு இட்டவர்க்கு எழுத்துத் தெரியாது என்று பலரும் சொல்வர். படமும் தெரியாது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த கிளர்ச்சியில் 1994 அக்டோபர் 10-ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். அவர்தம் நினைவைப் போற்றும் இளைஞர்கள், தத்தம் சொந்த ஊரின் கிராம வரைபடத்தை ஒரு முறையேனும் விரித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஊரூர்ச் சேரியில் ஒரு பள்ளி

நம் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் தோன்றிய கதைக்கு வருவோம். 1893-இல் பஞ்சமர் கல்வி குறித்து மாகாண அரசு பிறப்பித்த ஆணை நம் கல்வியின் உரிமைச் சாசனம் என்று புகழப்பெற்றது. மறு ஆண்டில், 1894-இல், கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். பண்டித அயோத்திதாசர் அவருடன் தொடர்பு கொண்டு நம் மக்களின் கல்வி குறித்து வற்புறுத்தியதையும், 1898-இல் அவருடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதையும் நம்மவர் அறிவர். ஊரூரைத் தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பக்கங்களிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றின. இக்கட்டுரையை எழுதும் கோபாலபுரத்திலிருந்து அவ்விடங்களுக்கு நடந்தே போய் வரலாம்.

அப்பள்ளிகளை நடத்திய கோர்ட்ரைட் என்னும் அமெரிக்க அம்மையார், நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு சிறு நூலே எழுதி 1906-இல் வெளியிட்டார். வெற்று மனப்பாடத்தைக் குறைத்து, பொருளைக் காட்டிக் கற்பித்தல், கைவேலையின் வழிக் கற்பித்தல் ஆகிய கிண்டர்கார்டன் முறைகள் சென்னையின் மேட்டுக்குடிப் பள்ளிகள் பலவற்றில் எட்டிப் பாராத காலத்திலேயே சேரிப் பள்ளிகளில் கையாளப்பட்டன. நம் சமுதாயம் கல்வியில் எப்போதும் கடைசியாகவே எதையும் பெற்றது என்று எண்ணிக் குனிந்து போகும் இளைஞர் இதனை மனங்கொள்ளுதல் தகும்.

இம்முறைகளுக்கு மூலவர் பெஸ்டலாட்சி. சுவிட்சர்லாந்து நாட்டினரான அவர் 1805 முதல் இருபது ஆண்டுகள் இவர்தோன் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். பூகோள பாடத்துக்குப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்வார்கள். முதலில் நின்று முழுவதையும் பார்க்க வேண்டும். பிறகு நடந்து நடந்து பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். அங்கேயே களிமண்ணைத் தோண்டிக் கூடைகளில் சுமந்து வந்து, பள்ளியின் நீண்ட மேசைகளின் மேல் தாம் கண்ட பள்ளத்தாக்கை மண்ணால் செய்ய வேண்டும். நாள்தோறும் நடை, நாள்தோறும் மண்வேலை. அது முடிந்த பின்னரே தாளில் அச்சிட்ட வரைபடம் பிள்ளைகள் கண்ணில் காட்டப்படும். ஜெர்மனியின் பெரும் புவியியல் அறிஞர் கார்ல் ரிட்டர் இப்பள்ளியை நேரில் கண்டு, தம் கருத்துகள் பலவற்றுக்குப் பெஸ்டலாட்சியே ஊற்று என்று போற்றினார். வரப்பு வெட்டவும் மடை திறக்கவும் சேற்றில் இறங்கவும் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இம்முறையில் வேறு எந்தப் பிள்ளையும் ஈடாகான். மண்ணைத் தொட்டால் அழுக்கு என்று வளர்ந்த பிள்ளைக்கு இது சற்றுக் கடினமே.

சென்னையில் இப்பாடத்துக்குப் புத்துயிர் தந்தது சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. அங்குப் பூகோள விரிவுரையாளராக இருந்த என். சுப்பிரமணியம் அவர்கள் முயற்சியால் 1926-இல் சென்னைப் புவியியல் சங்கம் தோன்றிற்று. பின்னர் அது இந்தியப் புவியியல் கழகமாகப் பெயர் மாறிற்று. அவரவர் வட்டாரத்தை அவரவர் ஆராய்தல் என்னும் நெறியை அது ஆசிரியரிடையே பரப்பிற்று. தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு அந்தந்த மாவட்டத்தின் பூகோளம், அடுத்து மாநிலம், பின்னர் நாடு என்று பாடநூல் பல்லாண்டு அமைந்திருந்தது இந்நெறிப்படியே. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது அதன் அடிப்படை.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. உன் ஊரின் படம் வரைக என்று பாடநூல் சொல்கிறது. கோயில், குளம், தேரடி, கடைத்தெரு, பள்ளிக்கூடம் ஆகியவை படத்தில் இடம் பெறுகின்றன. சேரி இடம் பெறுகிறதா? ஊர்க்குளத்துக்குச் செல்லும் தெரு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தெருவா? அறிந்ததிலிருந்து தொடங்கு என்றால், நம் பிள்ளை அறிந்த முதற் பூகோளம், தான் எங்கே போகக் கூடாது என்பதாக இருந்தது. சேரி பெரும்பாலும் தாழ்ந்த நிலத்தில் இருந்தது. மழை பெய்தால் ஊர் நீர் அங்கே வடிந்தது. மேடு, பள்ளம் என்னும் பாடத்தை அவன் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

ஆகவேதான் 1924-ஆம் ஆண்டை நாம் பூகோளப் பாடத்தில் சேர்த்துச் சொல்வது வழக்கம். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகிய எவ்விடத்துக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் சென்று வரத் தடை இல்லை என்று அறிவிப்பதே அதன் பொருள். தீர்மானம் ஏற்கப்பட்டு அரசாணையாயிற்று. எம்.சி. ராஜா அவர்களும் அக்காலத்தில் அம்மன்றத்தில் நமக்காக வாதாடினார். அவர் 1883-இல் பரங்கிமலையில் பிறந்தவர். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்றவர். பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச் 20-ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மகாத்தில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகியதும் இதே போராட்டத்தின் மற்றொரு துறை. தெருவுக்கும் குளத்துக்கும் வரைபடத்தில் கோடு போட்டவர்கள் ஒருவர். அக்கோட்டின் மேல் நடக்கும் உரிமையைப் பெற்றுத் தந்தவர்கள் வேறொருவர். இரண்டையும் பிள்ளை அறிய வேண்டும்.

கோபாலபுரத்தில் நின்று பார்த்தால்

நகரத்துப் பிள்ளைக்கு ஆறும் மலையும் எங்கே காட்டுவது என்று இளம் ஆசிரியர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. கோபாலபுரத்தில் பள்ளி வாயிலில் நின்றே பாதிப் பூகோளத்தைக் கற்பிக்கலாம் என்பது நம் கருத்து.

முதலில் திசை. கதீட்ரல் சாலையில் நின்று கிழக்கே நோக்கினால், அது டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையாகப் பெயர் மாறி மயிலாப்பூர் வழியே கடலைச் சேர்கிறது. காலையில் சூரியன் அச்சாலையின் கோடியில் எழும். மேற்கே அண்ணா சாலை. அதற்கும் அப்பால் ஒரு காலத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்ட ஏரி கிடந்தது. 1920-களில் அவ்வேரியின் பெரும்பகுதியைத் தூர்த்தே தியாகராய நகர் அமைக்கப்பட்டது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடமே. ஏரி போயிற்று, 'லேக் ஏரியா', 'டேங்க் பண்டு ரோடு' என்னும் பெயர்கள் மட்டும் போகவில்லை. மழைக்காலத்தில் அங்கெல்லாம் நீர் தேங்குவது ஏன் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். பெயரைக் கொண்டே விடை சொல்வான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பெரியவர்கள் பலர்க்கு விளங்காதது அவனுக்கு விளங்கும்.

கிழக்கே கடலுக்கு முன் குறுக்கே ஓடுவது பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் சென்னைப் பகுதி, தாது வருடப் பஞ்சத்தின் போது, 1877-78-இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய் அது. இது ஆறா, கால்வாயா என்று பிள்ளைகளைக் கேட்டு, ஆறு வளைந்து ஓடும், கால்வாய் நேராக ஓடும் என்பதை அவர்களே கண்டுரைக்கச் செய்யலாம். யார் வெட்டினர், என்ன கூலி, ஏன் பஞ்சம் என்ற வினாக்கள் தாமே பின்தொடரும். பூகோள வகுப்பு வரலாற்று வகுப்பாக மாறுவதை நாம் ஒருபோதும் தடுத்ததில்லை.

வடமேற்கே நுங்கம்பாக்கத்தில், முன்சொன்ன வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் இருக்கிறது. அதில் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியா முழுவதுக்கும் ஒரே நேரம் 1906-இல் வரும் முன்னர்ச் சென்னை நேரம் என்று தனியே ஒன்று வழங்கிற்று. இதைக் கற்பிக்கக் கருவி வேண்டா. பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டு அதன் நிழலை அளக்கச் செய்யுங்கள். நிழல் மிகக் குறுகுவது கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது அன்று. சராசரியாக ஒன்பது நிமிடம் பிந்தியே. பருவத்துக்கேற்ப இது முன்பின் ஆகும். இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்க ரேகையைச் சார்ந்தது; சென்னை ஏறத்தாழ 80¼ பாகையில் இருக்கிறது; பாகைக்கு நான்கு நிமிடம். பிள்ளைகள் பெருக்கிப் பார்த்துக் கண்டுகொள்ளும்போது தீர்க்க ரேகை என்பது உருண்டையின் மேல் வரைந்த வெறுங்கோடு அன்று என்பது விளங்கிவிடும்.

உலகப் படத்தை எப்படி அறிமுகம் செய்வது? இதற்கு நம் வீடுகளே பாடநூல். 1860 அக்டோபரில் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16-ஆம் நாள் நேட்டால் நாட்டு டர்பன் துறையை அடைந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் அதுவே. அதற்கு முன்பே மொரீசியசுக்கும் இலங்கைக்கும், பின்னர் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிஜிக்கும் நம் மக்கள் சென்றனர். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்று பூமிக்கடியில் இறங்கியவர் எத்தனையோ பேர். இரட்டைமலை சீனிவாசனாரும் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்து திரும்பியவரே. ஆக, நம் பாட்டன்மார் நன்னம்பிக்கை முனையை ஒப்பித்தவர்கள் அல்லர். அத்திசையில் கடல் கடந்தவர்கள். நம் வகுப்பில் பிள்ளைகளிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, உறவினர் சென்ற ஊர்ப் பெயர் ஒன்றை எழுதி வரச் சொல்வோம். மறுநாள் உலகப் படத்தில் அவ்வூர்களுக்கெல்லாம் நூல் கட்டுவோம். கோலாலம்பூர், இரங்கூன், நுவரெலியா, கோலார் என்று நூல்கள் விரியும். இப்போது துபாயும் ரியாத்தும் மிகுதி. இப்பாடம் முடிந்த பின் உலகப் படத்தைப் பிள்ளைகள் தாமாகவே சென்று பார்ப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

நூல் கட்டும்போது அண்மைக் காலமாகப் புதிய ஊர்ப் பெயர்களும் வருகின்றன. அவை கடல் கடந்தவை அல்ல. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை அவை. கூவக் கரையிலும் அடையாற்றங் கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடியிருந்த மக்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து நகரின் தென்கோடிக்குப் பெயர்த்து வருகின்றனர். 2015 வெள்ளத்துக்குப் பின் இது மிகுந்தது. சத்தியவாணி முத்து நகர் மக்கள் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டது 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில். ஆற்றங்கரை வெள்ளத்துக்கு ஆளாகும் இடம் என்று காரணம் கூறப்பட்டது, அது மெய்யே. ஆனால் புதிய குடியிருப்புகள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துள்ளன என்பதும் மெய்யே. சதுப்பு நிலம் என்றால் என்ன, மழைநீர் அங்கே வந்து சேர்வது ஏன் என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித் தரக் கூடிய பாடந்தான். இடம் பெயரச் சொல்லும் அறிவிப்பு வரும் நாளில் வீட்டில் ஒருவர்க்கேனும் அப்பாடம் தெரிந்திருப்பின், கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்பார். லாம்ப்டன் அளந்த அடிக்கோட்டின் ஒரு முனை பரங்கிமலை என்றோம். அதன் மறு முனை பெரும்பாக்கத்துக் குன்றே. இருநூறு ஆண்டுக்கு முன் மேடு பள்ளம் அளந்து குறிக்கப்பட்ட நிலத்தில் நீர் எங்கே நிற்கும் என்பது அரசுக்குத் தெரியாத செய்தியன்று.

இனி, நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் செய்யத்தக்கது என்னவென்று பொறுப்பாளர்கள் கேட்டமையால், சுருங்கச் சொல்வோம். இன்று தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்துதான் சமூக அறிவியல் பாடம் வருகிறது. எண்ணுக்கும் எழுத்துக்கும் போக மீந்த நேரமே அதற்குக் கிடைக்கிறது. அக்குறையை மாலை வகுப்பு நிறைவு செய்யலாம். பெருஞ்செலவு வேண்டா. அறுபத்தாறு அடிக் கயிறு ஒன்று போதும். ஆங்கிலேயர் கண்டர் வகுத்த நில அளவைச் சங்கிலியின் நீளம் அது. அதனை நூறு கண்ணிகளாகப் பகுப்பர். ஒரு சங்கிலி நீளமும் பத்துச் சங்கிலி அகலமும் கொண்டது ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். அதாவது 435 சதுர அடிக்குச் சற்று மேல். இருபதடிக்கு இருபதடியான வகுப்பறையைப் பிள்ளைகளே அளந்து, அது ஒரு சென்ட் கூட இல்லை என்று கண்டு வியப்பர். மூன்று, நான்கு, ஐந்து என்று முடிச்சிட்ட கயிற்றைக் கொண்டு செங்கோணம் அமைக்கலாம். மைதானத்தின் நடுவே ஓர் அடிக்கோடு. அதிலிருந்து வேப்பமரத்துக்கும் குழாயடிக்கும் மூலைச் சுவருக்கும் செங்குத்துக் கோடுகள். அளவுகளைத் தாளில் சுருக்கி வரைந்தால் மைதானத்தின் படம் வந்துவிடும். பரங்கிமலையில் செய்ததும் அடிப்படையில் இதுவே. வருவாய்த்துறையின் புலப்படத்தில் இருப்பதும் இதுவே. ஐந்தாம் வகுப்பில் இதனைக் கையால் செய்த பிள்ளைக்கு, எட்டாம் வகுப்பில் தன் பாட்டன் ஊரின் புலப்படத்தைக் காட்டிச் சிட்டாவோடும் அ-பதிவேட்டோடும் ஒப்பிடச் சொன்னால் அவன் மருளமாட்டான்.

சொந்த ஊருக்குப் பொங்கலுக்குச் செல்லும் இளைஞர்கள், திரும்பும்போது தத்தம் கிராம வரைபடத்தின் படி ஒன்றைக் கேட்டுப் பெற்று வந்து சங்க நூலகத்தில் சேர்ப்பாராக. சேரி நத்தம் எது, சுடுகாட்டுப் பாதை எது, ஏரி வாய்க்கால் எது, பஞ்சமி நிலமெனக் குறிக்கப்பட்ட எண்கள் எவை என்று வண்ணப் பென்சிலால் குறிக்கும் வேலையை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். கயிறும் நான்கு முளைகளும் சங்க அலுவலகத்தில் வாங்கி வைக்கப்பட்டுள்ளன. ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறுமுன் அளக்கத் தொடங்கலாம்.